காலியாக விட்ட எலும்புக் கட்டம்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. மேற்கிலிருந்து வீசிய காற்று தெருமண்ணை வாரிக்கொண்டு வந்தது. நிழலில் தொங்கிய வெப்பமானி முப்பத்து மூன்று டிகிரி காட்டியது. அப்போதுதான் ஒசூரிலிருந்து காரில் வந்த மகள், பின் இருக்கையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் மாரண்டஹள்ளி வீட்டு வாசலில் வைத்தாள். உள்ளே மஞ்சள் நிற லேப்ரடார் குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குட்டி. பிறந்து அறுபத்திரண்டு நாள்.

மகள் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். கணவனைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறாள். துணைக்கு என்று வாங்கிய குட்டியை, வீட்டை வாடகைக்கு விட்டவர் பத்தே நாளில் வெளியேற்றச் சொல்லிவிட்டார். நாயைச் சேர்க்கிற வீடு கிடைக்கும் வரை நாங்கள் வளர்த்துக் கொடுக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் வீடு பார்த்துவிடுவேன் என்றாள்.

"சாதம், பால், பிஸ்கட் எதுவும் வேணாம்ப்பா. பச்சைக் கறிதான் போட்டுப் பழக்கிட்டு இருக்கேன். அளவு எழுதி வச்சிருக்கேன், அதுபடி போட்டாப் போதும்" என்று ஒரு தாளைக் கொடுத்தாள்.

என் மனைவி அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அளவுன்னு சொன்ன பாரு, உங்கப்பாவுக்கு இனி வேற வேலையே வேணாம்."

தாளில் இருந்தது இவ்வளவுதான். குட்டியின் எடையில் நூற்றுக்கு எட்டு பங்கு ஒரு நாள் தீனி. அதை நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். தீனியில் பத்தில் எட்டு பங்கு கறி, ஒரு பங்கு எலும்பு, அரைப் பங்கு ஈரல், அரைப் பங்கு குண்டிக்காய் அல்லது சுவரொட்டி, அதாவது மண்ணீரல். எலும்பு என்றால் கோழிக் கழுத்து, இறக்கை நுனி. எல்லாம் பச்சையாக.

அன்று மாலையே கடைத்தெருவில் அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். குட்டியைப் பையில் போட்டு நிறுத்தேன். பையின் எடை போக ஐந்து கிலோ இருநூறு கிராம். நாள் தீனி நானூற்றுப் பதினாறு. பிரித்துப் பார்த்தால் கறி முந்நூற்று முப்பத்து மூன்று, எலும்பு நாற்பத்திரண்டு, ஈரல் இருபத்தொன்று, சுவரொட்டி இருபத்தொன்று. கூட்டினால் ஒரு கிராம் அதிகம் வந்தது. அதைக் கறியில் கழித்தேன். ஒரு நோட்டில் ஏழு கட்டம் போட்டேன்: தேதி, எடை, கறி, எலும்பு, ஈரல், சுவரொட்டி, வெளிக்குப் போன விவரம்.

எலும்புக் கட்டத்தில் முதல் நாளே கோடு போட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எதிர் வீட்டு நாய் போன தையில் கல்யாண வீட்டு பிரியாணி எலும்பைத் தின்று, தொண்டையில் சிக்கி, இரண்டு நாள் இருமி இருமிச் செத்தது. என் மனைவி அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். "இத்தினூண்டு வாயில எலும்பப் போட்டு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க" என்றாள். எனக்கும் பயம்தான். கடைவாய்ப் பல் முளைக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். எலும்புக்கான நாற்பத்திரண்டு கிராமையும் கறியிலேயே சேர்த்தேன். மொத்த எடை சரியாக வந்ததால் தீனியும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

கறிக்கடை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றே கால் கிலோமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்து போவேன். கோழியை உரித்து எலும்பை முழுக்க எடுத்துவிட்டுத் தரச் சொல்வேன். கடைக்காரர் என்னைவிட முப்பது வயது சின்னவர். கத்தி வேலை சுத்தம். தராசில் முள் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சார், உங்க வூட்ல பல்லு இல்லாத பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று இரண்டாவது வாரத்தில் கேட்டார்.

"நாய்க்குட்டிக்கு."

அவர் சிரிக்கவில்லை. கூடவே எடுத்த ஈரலை நிறுத்து, "இப்படி கிராம் கணக்குல வெட்டணும்னா நான் நகைக்கடையிலதான் கத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

குட்டி நன்றாக வளர்ந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி பதினொரு கிலோ அறுநூறு. ஐம்பத்தைந்து நாளில் ஆறு கிலோ நானூறு கூடியிருந்தது. வாரத்துக்கு எண்ணூற்றுப் பதினான்கு கிராம். தோல் பளபளத்தது. வெளிக்குப் போவதும் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மகள் போன் செய்வாள். குட்டியை வீடியோவில் காட்டச் சொல்வாள். ஜூலையில் ஒரு முறை கேட்டாள்.

"எலும்பெல்லாம் ஒழுங்கா கடிக்குதாப்பா?"

"எல்லாம் அளவுப்படிதாம்மா போகுது."

அந்த வாக்கியத்தில் எலும்பு என்ற சொல் இல்லை. இல்லாமல் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

அதே ஆகஸ்ட் 5, சனிக்கிழமை காலையில்தான் குட்டியின் கால்களைக் கவனித்தேன். முற்றத்திலிருந்து வீட்டுக்குள் வர எங்களுக்கு மூன்று படி. முந்தின நாள் வரை தாவி ஏறிய குட்டி அன்று படிக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தது. முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பாதம் தட்டையாகப் பரவித் தரையில் அழுந்தியிருந்தது. தூக்கப் போனேன். கத்தியது. அதுவரை அது வலியில் கத்தி நான் கேட்டதில்லை.

நான் முப்பத்தொரு வருடம் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்தவன். இந்த மாவட்டத்தில் கால் வளைந்திருந்தால் எங்களுக்கு முதலில் வருகிற நினைப்பு ஒன்றுதான். போர் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு. பல் பழுப்பேறிய பிள்ளைகளையும், முட்டி இடித்துக்கொண்டு நடக்கிறவர்களையும், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறவர்களையும் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வந்து எண் போட்டிருக்கிறேன். நாங்கள் குடிப்பது குழாயில் நான்கு நாளுக்கு ஒரு முறை வருகிற ஒகேனக்கல் தண்ணீர். குட்டிக்கு வைத்தது வீட்டு போர் தண்ணீர். நாய்தானே என்று வைத்தது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு புட்டியில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். என்னிடம் வேலை பழகியவர் இப்போது அங்கே மூத்தவராக இருக்கிறார். சோதித்துக் கொடுத்தார். லிட்டருக்கு ஒன்று புள்ளி ஏழு மில்லிகிராம். ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது. இருநூறு மைக்ரோகிராம் கூடுதல். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "நாய்க்காகவா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

குட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீர் வைக்க ஆரம்பித்தேன். மனைவி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"நாலு நாளைக்கு எட்டு கொடம் வருது. அதுல நாய்க்கு ஒண்ணா?"

"காலைப் பாரு. தண்ணிதான் காரணம்."

"முப்பது வருஷம் இதே போர் தண்ணியக் குடிச்சு என் முட்டியும்தான் போச்சு. எனக்கு என்னைக்காச்சும் பாட்டில எடுத்துக்கினு தருமபுரிக்குப் போனீங்களா?"

அன்றிலிருந்து குட்டிக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். கேன் முப்பத்தைந்து ரூபாய். கறி கழுவவும் அதே தண்ணீர். மொத்தம் ஐந்து கேன் போனது.

முன்னங்கால்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று அளவுகோல் வைத்துப் பார்த்து நோட்டில் எட்டாவது கட்டம் போட்டேன். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஏழு சென்டிமீட்டர். 12ஆம் தேதி எட்டரை. 17ஆம் தேதி ஒன்பது. நல்ல தண்ணீர் குடித்தும் வளைவு கூடிக்கொண்டு போனது. குட்டி நாளில் பெரும்பகுதி படுத்தே கிடந்தது. தட்டைப் பக்கத்தில் கொண்டு போனால் படுத்தபடி தின்றது.

17ஆம் தேதி வியாழக்கிழமை காலை கறிக்கடையில் நின்றேன். கடைக்காரர் எலும்பை உருவி வாளியில் போட்டார்.

"குட்டி எப்படி இக்குது சார்?"

"கால் வளைஞ்சு போச்சு."

"அய்ய. என்னா காரணம்?"

"தண்ணி சரியில்ல."

அவர் வாளியைக் கடைக்குப் பின்னால் கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு வந்தார். "நீங்க காசு குடுத்துட்டு வுட்டுட்டுப் போற எலும்ப ரெண்டு மாசமா அங்க நாலு பேரு தின்னுட்டு இருக்காங்க சார். வந்து பாருங்க. கும்முனு இக்குறாங்க."

கேலிக்குத்தான் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் நான்கு தெரு நாய்கள் கழுத்தெலும்பை மென்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று எங்கள் குட்டி வயதுதான் இருக்கும். தின்று முடித்ததும் சாக்கடை ஓரத்தில் தேங்கிய தண்ணீரை நக்கிக் குடித்தது. அதுவும் இந்த ஊர் நிலத்தடித் தண்ணீர்தான், மேலே சாக்கடையும் சேர்ந்தது. நான்கு நாய், பதினாறு கால். ஒன்றுகூட வளையவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். எலும்புக் கட்டத்தில் அறுபத்தெட்டு கோடுகள்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துப் பாலக்கோட்டுக்குக் கால்நடை மருத்துவரிடம் போனோம். பஸ்ஸில் ஏற்றினால் குலுக்கலில் வலிக்கும். மனைவி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். மருத்துவர் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். குட்டியை மேசையில் நிறுத்திப் பார்த்தார். காலைத் தொட்டதும் அது முனகியது.

"என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?"

நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார். "இவ்வளவு சுத்தமா யாரும் எனக்கு எழுதிக் கொண்டு வந்ததில்லைங்க." ஐந்து பக்கம் திருப்பினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி?"

"எதிர் வீட்டு நாய் பிரியாணி எலும்பு தொண்டையில சிக்கிச் செத்துச்சு, அந்தப் பயத்துல விட்டுட்டோம். தண்ணியில ஃப்ளோரைடு ஒன்று புள்ளி ஏழு இருக்குது மேடம். அதனாலதான் காலு..."

"ஃப்ளோரைடு அதிகமானா எக்ஸ்ரேல எலும்பு எப்படித் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஃப்ளோரைடு முகாம்களில் பார்த்திருக்கிறேன். அடர்த்தியாக, வெள்ளையாக, சுண்ணாம்பு பூசினது மாதிரி தெரியும். சொன்னேன்.

"எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அன்றே கார் வைத்துத் தருமபுரியில் எக்ஸ்ரே எடுத்து, சாயங்காலம் நாலரைக்குத் திரும்ப அவரிடம் வந்தோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் எதுவும் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எலும்பு இருக்கிற இடமும் சதை இருக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். ஓரத்தில் பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

அவர் பொறுமையாகச் சொன்னார். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, கால்சியம் இல்லை. வளர்கிற உடம்பின் ரத்தத்துக்குக் கால்சியம் வேண்டும். தீனியில் வரவில்லை என்றால் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். கறியைக் கூட்டக் கூட்ட அந்த உருவல் கூடும். "பச்சையா போடறதுல எனக்கு வழக்கு இல்லைங்க, சுத்தமா வச்சுக்கிட்டா சரி. ஆனா எலும்பு இல்லாத பச்சைக் கறி, குட்டிக்கு சோறு இல்ல. செத்த நாய் தின்னது வெந்த எலும்பு. அது ஊசி மாதிரி உடையும். பச்சைக் கோழிக் கழுத்து வளையும், நசுங்கும்."

"சரியாகுமா?"

"ஆறு வாரம் ஓடக் கூடாது, தாவக் கூடாது, படி ஏறக் கூடாது. இப்ப விழுந்தா முறிஞ்சிடும். முறிஞ்சா என்னால உறுதி சொல்ல முடியாது. வளைவு எவ்வளவு நிமிரும்னு ரெண்டாவது படத்துல பாக்கலாம்."

அவசரப்பட்டுக் கால்சியத்தை அள்ளிப் போடவும் கூடாது, அதுவும் எலும்பைக் கெடுக்கும் என்றார். பொடி எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுத்தார். எலும்பு பத்தில் ஒரு பங்கு. மகள் தாளில் எழுதியிருந்த அதே அளவு.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு நானே போன் செய்தேன். ஞாயிறு வரை காத்திருந்தால் சொல்லும் தைரியம் குறையும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னேன்.

"அளவுப்படி போகுதுன்னு சொன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

"எலும்பு போடலைன்னா போடலைன்னு சொல்லியிருக்கலாம். நானே வந்து ஒரு கழுத்த போட்டுக் காட்டியிருப்பேன்."

"ஆமாம்மா."

"இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டாள். தூங்குகிறது என்றேன். வைத்துவிட்டாள்.

பழைய கட்டில் சட்டங்கள் நான்கை நிறுத்தி, உள்ளே ஐந்நூற்று இருபது ரூபாய்க்குத் தென்னை நார் விரிப்புப் போட்டு, ஆறடிக்கு நாலடி அடைப்பு ஒன்று செய்தேன். குட்டிக்கு அதற்குள்தான் ஆறு வாரம். முதல் கோழிக் கழுத்தைக் கொடுத்தபோது மனைவி ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் டார்ச் லைட்டுமாக உட்கார்ந்திருந்தாள். டார்ச் எதற்கு என்று கேட்டேன். "சிக்குனா எங்க சிக்கியிருக்குன்னு பாக்க வேணாமா?" குட்டி கழுத்தை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைவாயால் நொறுக்கியது. மூன்று நிமிடம் பத்து வினாடி. எலும்புக் கட்டத்தில் முதல் முறையாக எண் எழுதினேன்.

செப்டம்பர் 18ஆம் தேதி புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. பெருமாளுக்கு விரதம். முப்பத்தெட்டு வருடமாக மனைவி இதைத் தளர்த்தியதில்லை. குட்டிக்கோ இன்னும் பதினொரு நாள் அடைப்பு பாக்கி. நான் கேட்கத் தயங்கினேன். அவளே தீர்ப்புச் சொன்னாள்.

"விரதம் எனக்கும் உங்களுக்கும். அதுக்கு இல்ல. ஆனா ஃப்ரிட்ஜுல வைக்கக் கூடாது, அடுப்பங்கரைக்கு வரக் கூடாது. மோட்டார் ரூம்ல வச்சுக்கங்க. கையக் கழுவாம பூஜை ரூம் பக்கம் வந்தீங்கன்னா உங்களையும் அந்த அடைப்புக்குள்ள போட்டுடுவேன்."

ஃப்ரிட்ஜில் வைக்க முடியாததால் தினமும் கடைக்கு நடந்தேன். போக வர இரண்டரை கிலோமீட்டர். புரட்டாசியில் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் கழுத்துகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். "பின்னாடி இருக்கற நாலு பேரும் உங்கள கேட்டாங்க சார்" என்பார்.

செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரண்டாவது எக்ஸ்ரே. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். இடது கால் நன்றாகத் திரும்பிவிட்டது. வலது காலில் பாதி வளைவு தங்கிவிட்டது. வலி இருக்காது, நடக்கும், ஓடும். ஆனால் முழு வளர்த்தி முடிகிற வரை, ஏறக்குறைய அடுத்த கோடை வரை, மாடிப்படி கூடாது. அதற்குப் பிறகும் தினமும் ஏறி இறங்குவது அந்தக் காலுக்கு நல்லதில்லை.

அதை மகளிடம் அன்றே சொல்லவில்லை என்றால் மறுபடியும் அதே தவறு. சொன்னேன். அவள் சொன்னாள், போன வாரம்தான் வீடு கிடைத்தது, வீட்டுக்காரர் நாய் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், முன்பணமும் கட்டிவிட்டாள். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அக்டோபர் 22ஆம் தேதி வந்தாள். குட்டி முற்றத்தில் அவளைப் பார்த்ததும் ஓடியது. ஓடும்போது வலது பாதம் வெளியே வீசி வீசி விழுந்தது. பார்க்க நன்றாக இல்லை, ஆனால் வேகம் குறையவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். குட்டி கத்தவில்லை. அவள் முகத்தை நக்கியது.

மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு, "நாப்பத்தாறு படிப்பா. தூக்கிட்டே ஏறலாம்னு நினைச்சேன். இப்ப எத்தன கிலோ?" என்றாள்.

"பதினெட்டு முந்நூறு."

"பெரிசானா?"

"இருபத்தெட்டு, முப்பது வரும்."

அவள் தலையாட்டினாள். "தரை வீடு கிடைக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள். தரை வீடு ஒசூரில் என்ன வாடகை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனைவி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குட்டியைக் கொண்டு போக வாங்கி வந்திருந்த புதுப் படுக்கையை மகள் காரிலிருந்து எடுத்து அடைப்பு இருந்த இடத்தில் விரித்தாள். பிறகு பணப்பையைத் திறந்தாள்.

"எவ்ளோ ஆச்சுப்பா? மறைக்காம சொல்லுங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கறியும் எலும்பும் ஈரலும் நூற்று முப்பத்து நான்கு நாளுக்குப் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கார் இரண்டு தடவை மூவாயிரத்து இருநூறு, ஆட்டோ ஆயிரத்து இருநூறு, எக்ஸ்ரே இரண்டுக்கு ஆயிரத்து நானூறு, பொடியும் மருந்தும் எண்ணூற்று அறுபது. தராசு, விரிப்பு. ஒரு பிரயோஜனமும் இல்லாமல் வாங்கிய கேன் தண்ணீர் நூற்று எழுபத்தைந்து. அவள் விரலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். எலும்பு போடாமல் விட்டது நான், எனவே இதில் உன் பங்கு எதுவும் இல்லை என்று சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டேன். மொத்தம் இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.